கிடங்குத் தொழில் படிப்பு: விவசாயக் குடும்பத்துக்கு என்ன பயன்?

வண்டலூரிலிருந்து படப்பை வழியாக ஒரகடம் செல்லும் சாலையோரங்களில், முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் சிலவற்றில் இன்று பெரிய குடோன்கள் நிற்கின்றன. சென்னைத் துறைமுகம், ஒரகடத்து மோட்டார் தொழிற்சாலைகள், வண்டலூர் - மீஞ்சூர் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை ஆகியவை இதற்குக் காரணம். ஆகவே தாம்பரம் சுற்று வட்டாரத்தில் "பையனைக் கிடங்குப் படிப்பில் சேர்க்கலாமா?" என்று விவசாயிகள் கேட்பதில் வியப்பில்லை.

சேர்க்கலாம். ஆனால் பணம் கட்டுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிற்படிப்புகளைத் தரவாரியாகப் படிப்படியாக வகுத்து, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை மத்திய அரசு 2013-இல் கொண்டுவந்தது. சரக்குப் போக்குவரத்துத் துறைக்கான திறன் கவுன்சிலின் தலைமையகம் சென்னையிலேயே உள்ளது. கிடங்கில் பொருள் எடுப்பவர், கட்டுபவர், இருப்புக் கணக்கர், ஏற்றுமதி மேற்பார்வையாளர் என ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பாடத்திட்டம் உண்டு. சான்றிதழை வழங்குவது யார், அது எந்தப் படியைச் சேர்ந்தது, தேர்வு நடத்துவது யார் என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் பெறுங்கள். "வேலை நிச்சயம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி, மாத உதவித்தொகையுடன் வேலையிலேயே பழகும் வழியும் இருக்கிறது. கையில் பணமில்லாத குடும்பத்துக்கு இதுவே மேல் என்பது என் கருத்து. பெண் பிள்ளைகளும் சேரலாம். இரவு ஷிப்டு உண்டா, வண்டி வசதி உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளவும்.

படிப்பில் கற்பிப்பவை விவசாயிக்குப் புதியவை அல்ல. சரக்கை எண்ணி வாங்குவது, இடம் குறித்து அடுக்குவது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது, கணக்கு எழுதுவது, இவ்வளவே. முதலில் வந்ததை முதலில் அனுப்ப வேண்டும் என்பது பொது விதி. காலாவதி உள்ள பொருளுக்கு, கெடு முந்துவதே முதலில் போக வேண்டும். சான்று விதைக்குச் சோதனை நாளிலிருந்து 9 மாதமே செல்லுபடி; அது என்று கடைக்கு வந்தது என்பதைவிட என்று கெடு முடிகிறது என்பதே முக்கியம்.

எடைக் குறைவை மட்டும் சற்று விரிவாகக் காண்போம். 18 சத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் தண்ணீர் 180 கிலோ, மீதி 820 கிலோ. அதே நெல் 13 சதத்துக்குக் காய்ந்தால் எடை சுமார் 943 கிலோதான். ஒரு மணிகூடத் திருடு போகாமலே 57 கிலோ குறைந்துவிடும். வரவு வைக்கும்போது ஈரத்தையும் குறித்து வைக்காத கணக்கர் பின்னால் பழி சுமக்க நேரிடும். அறுவடை நெல்லை ஈரத்தோடு எடை போட்டு விற்கும் விவசாயிக்கும் இக்கணக்கு தெரிந்திருப்பது நல்லது. ஈரத்துக்காக வியாபாரி கழிக்கும் எடை நியாயமானதா என்று அவரே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளை கற்றதை வீட்டிலும் கையாளலாம். நெல்லை 12 முதல் 13 சத ஈரத்துக்குக் காயவைத்து, மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்க வேண்டும். பயறு, தானியத்தில் வண்டு தென்படுகிறதா என்று பார்க்க, கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறியைச் செருகி வைக்கலாம். கண்ணுக்குத் தெரியுமுன்பே அதில் வண்டு விழும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைக்கவே கூடாது. அதன் வாயு ஆளைக் கொல்லும்; பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களே அதைக் கையாள வேண்டும்.

அறுவடைச் சமயத்தில் விலை சரியும்போது கடனுக்காக விற்றுவிடுவதே சிறு விவசாயியின் பெரிய நஷ்டம். 2007-ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டத்தின்கீழ் 2010-இல் ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பட்டது. அதில் பதிவு பெற்ற கிடங்கில் விளைபொருளை வைத்தால் கிடைக்கும் ரசீது 2017 முதல் மின்னணு முறையில் வழங்கப்படுகிறது. அந்த ரசீதின் பேரில் வங்கியில் கடன் வாங்கலாம். கிசான் கடன் அட்டை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு அறுவடைக்குப் பின் 6 மாதம் வரை வட்டிச் சலுகையும் உண்டு. மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனம் விவசாயிகளுக்கு வாடகையில் 30 சதம் தள்ளுபடி தருகிறது.

ரசீதில் எடை, தரம், ஈரம், வைப்புக் காலம், காப்பீடு ஆகியவை சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று படித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருப்பது பெரிய உதவி. வண்டியில் மூட்டை ஏற்றுமுன், அக்கிடங்கு ஆணையத்தில் பதிவு பெற்றதா, பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று கேட்டுக்கொள்ளவும். பதிவில்லாத கிடங்கு தரும் ரசீதுக்கு மேற்சொன்ன வட்டிச் சலுகை கிடையாது.