காய்ச்சல் வந்தால் இதயம் ஏன் திணறுகிறது?

ஐப்பசி மழைக் காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, வாலாஜாபாத்தில் ஒரகடம் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறோம். சளிக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டா? உண்டு.

ரத்தக்குழாயின் உட்புறம் ஒற்றை அடுக்குச் செல்கள் இருக்கின்றன. அவை சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயை விரிய வைக்கிறது. தட்டணுக்கள் ஒட்டாமலும் காக்கிறது. கிருமியை எதிர்க்க உடலில் அழற்சி கிளம்பும்போது இந்தக் காவல் தளர்கிறது. குழாய் சரியாக விரியாது, ரத்தம் எளிதில் உறையும். இதயமோ வேகமாகத் துடித்து அதிக ஆக்சிஜன் கேட்கும். ஏற்கெனவே கொழுப்புப் படிந்த இடம் அப்போது கிழிந்தால் அடைப்புதான்.

2018இல் வெளியான கனடாவின் ஒன்டாரியோ ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் 6 மடங்காக இருந்தது.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களே, காய்ச்சலோடு ஷிஃப்டுக்குப் போகாதீர்கள். நெஞ்சு அழுத்தினால் உடனே 108ஐ அழையுங்கள்.