முகமூடிக்குள் ஒரு குழந்தை

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பையன் மண்டியிட்டிருக்கிறான். மெழுகுவர்த்தி ஒன்று எரிகிறது. கண்ணீர் காயாத முகத்துடன் கைகூப்பிக்கொண்டு அவன் சபதம் எடுக்கிறான். தாய் தகப்பனைக் கொன்றதற்குப் பழியாக, உயிர் உள்ளவரையில் குற்றவாளிகளோடு யுத்தம் செய்யப் போகிறானாம். பால் மணம் மாறாத பிள்ளை!

அமெரிக்காவில் 1939-ம் வருஷம் நவம்பர் மாதத்து 'டிடெக்டிவ் காமிக்ஸ்' சித்திரக் கதைப் பத்திரிகையில் வந்த காட்சி இது. 'பேட்மேன்' என்னும் வௌவால் மனிதன் அதே வருஷம் மே மாதத்திலேயே அறிமுகமாகிவிட்டான். ஆனால் அவன் யார், எதற்காகக் கறுப்பு அங்கியைப் போர்த்திக்கொண்டு ராத்திரி வேளையில் கூரை கூரையாகத் தாவுகிறான் என்பதைச் சொல்ல ஆறு மாதம் கழித்துத்தான் அதை உண்டாக்கியவர்களுக்குத் தோன்றியது. அதற்கு அவர்கள் ஒதுக்கிய இடம் இரண்டே பக்கம். சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பும் தம்பதி, கூடவே பிள்ளை, கழுத்து நகையைக் கேட்கும் திருடன், துப்பாக்கி வெடி, சபதம். அடுத்தடுத்த கட்டங்களில் பையன் வளர்ந்து ஆளாகி, ஒற்றைக் கையால் பளு தூக்கிக்கொண்டிருக்கிறான்!

பிள்ளை பெற்றவர்கள் யாரும் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். அன்று ராத்திரி அந்தக் குழந்தையைத் தெருவிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனது யார்? முகத்தைத் துடைத்துவிட்டு, ஒரு வாய் பாலைக் குடிக்கச் சொன்னது யார்?

அந்தப் பேச்சே கதையில் இல்லை. எழுதிய பில் ஃபிங்கருக்கும் சித்திரம் வரைந்த பாப் கேனுக்கும் அப்போது இருபத்தைந்து வயதுதான் இருக்கும். துஷ்டர்களை உதைக்கும் அவசரம் அவர்களுக்கு. அந்தக் கேள்விக்குப் பதில் வர முப்பத்தாறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சூரர்களின் ஜாதகத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. சூப்பர்மேன் கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரும் பிறந்த கிரகமும் வெடித்துச் சிதறிவிடுகின்றன. பேட்மேனுக்குத் துணையாக 1940-ல் வந்த ராபின், சர்க்கஸில் பார் விளையாடும் தம்பதியின் பிள்ளை. கயிறு அறுந்து அவர்கள் விழுந்து சாவதைக் கண்ணால் பார்த்தவன். 1962-ல் வந்த ஸ்பைடர்மேன் என்னும் சிலந்தி மனிதனும் பெற்றோரை இழந்து, பென் என்ற உறவினர் வீட்டில் வளருகிறவன். ஆங்கிலத்தில் எல்லாரும் 'அங்கிள்'தான். நம் முறைப்படி அவர் பெரியப்பா.

இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் தாயார் இருந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிள்ளையை மொட்டை மாடிக்குக்கூட அனுப்ப மாட்டாள். அப்புறம் சாகசம் ஏது?

ஆனால் சௌகரியத்துக்காக மட்டும் வந்த சாவுகளல்ல இவை. சூப்பர்மேனை உண்டாக்கியவர்கள் கிளீவ்லாந்து நகரத்தில் ஒன்றாகப் படித்த இரண்டு சிநேகிதர்கள். ஜெர்ரி ஸீகல் எழுதினார், ஜோ ஷூஸ்டர் வரைந்தார். ஸீகலின் தகப்பனார் பழைய துணிக் கடை வைத்திருந்தார். 1932-ம் வருஷம் ஜூன் மாதம் 2-ந் தேதி கடைக்குள் திருட வந்தவர்களால் ஏற்பட்ட கலவரத்தில் அவர் தரையில் சாய்ந்தார், உயிர் போய்விட்டது. இருதயம் நின்றுவிட்டதாகச் சர்க்கார் வைத்தியர் எழுதினார். ஜெர்ரிக்கு அப்போது பதினேழு வயது. துப்பாக்கிக் குண்டு பட்டாலும் சாகாத ஒரு மனிதன் சில வருஷங்களுக்குள் அந்தப் பையனுடைய பேனாவிலிருந்து புறப்பட்டான். இதற்கு அதுதான் காரணம் என்று ஸீகல் சொல்லவில்லை. பிற்காலத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள்தாம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பார்த்த பிறகு மறக்க முடியவில்லை.

*

இதற்கிடையில் இந்தப் புத்தகங்களுக்கே ஒரு கண்டம் வந்தது. டாக்டர் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநோய் வைத்தியர், 1954-ல் 'சிடக்‌ஷன் ஆஃப் தி இன்னஸன்ட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். சித்திரக் கதைகளால் குழந்தைகள் கெட்டுக் குட்டிச்சுவராகிறார்கள் என்பது அவர் வாதம். அமெரிக்க செனட் சபையின் துணைக் கமிட்டி விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்துபோய் அதே வருஷம் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியை ஏற்படுத்திக்கொண்டார்கள்.

வெர்தாமைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில், ஒரு மாதாகோயிலின் நிலவறையில், ஏழை நீக்ரோ ஜனங்களுக்காக அற்பக் கட்டணத்தில் மனநோய் வைத்தியசாலை நடத்திய மனிதர். குழந்தைகளின் மனம் நோகிறது என்பதைக் கண்டவர். நோயின் காரணத்தை மட்டும் புத்தகக் கடையில் தேடினார். அவர் வைத்துப்போன காகிதங்களைப் பிற்காலத்தில் பரிசோதித்த கரோல் டில்லி என்ற பேராசிரியை, குழந்தைகள் சொன்ன வாக்குமூலங்களை வெர்தாம் வெட்டியும் ஒட்டியும் மாற்றியிருப்பதை 2012-ல் வெளியிட்டார். வீட்டில் பட்ட அடியைப் பற்றியோ, வேறு துன்பத்தைப் பற்றியோ ஒரு பிள்ளை சொன்னது விட்டுப்போய், படித்த புத்தகம் மட்டும் மிஞ்சியிருந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள்.

தணிக்கைக்குப் பிறகு பேட்மேன் அழவில்லை. 1955-ல் அவனுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது. அந்த நாய்க்கும் ஒரு முகமூடி!

*

1962-ம் வருஷம் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைக் கொண்டுவந்தபோது சோகம் வேறு வழியாக உள்ளே நுழைந்தது. பீட்டர் பார்க்கர் என்ற பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சிலந்தி கடித்துச் சக்தி வருகிறது. தலை கிறுகிறுத்துப்போய், ஓடிவரும் திருடன் ஒருவனைப் பிடிக்காமல் வழிவிடுகிறான். பின்னொரு நாள் அதே திருடன் பென் பெரியப்பாவைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான். பேட்மேன் உலகத்தின்மேல் கோபப்படுகிறான், பீட்டரோ தன்மேலேயே. அப்பா கோபித்துக்கொண்டு போனாலும், அம்மா சீக்காகப் படுத்தாலும், தான் செய்த குறும்பினால்தான் என்று சின்னக் குழந்தைகள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வது மனோதத்துவ நிபுணர்கள் நன்றாக அறிந்த விஷயம். கோடிக்கணக்கான பேர் பீட்டரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது, நான் பாக்கி வைத்த கதை. 1976 மார்ச் மாத 'டிடெக்டிவ் காமிக்'ஸில் டென்னி ஓ'நீல் எழுதியது. வருஷத்தில் ஒரு நாள், பெற்றோர் இறந்த அந்தச் சந்துக்கு பேட்மேன் தவறாமல் போகிறான். நம்முடைய திவசம் மாதிரிதான். இடம் இப்போது சீரழிந்து, பெயரே 'கிரைம் ஆலி' என்று ஆகிவிட்டது. அங்கே லெஸ்லி தாம்ப்கின்ஸ் என்று ஒரு கிழவி, போகிறவர் வருகிறவர்களுக்கு உதவி செய்துகொண்டு தனியாக வசிக்கிறாள். இங்கேயே ஏன் இருக்கிறாள்? ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் பெற்றோரைப் பறிகொடுத்து நின்ற ஒரு பையனை அவள் அணைத்து ஆறுதல் சொன்னாளாம். அந்த மாதிரி இன்னொரு தடவை நடக்கக்கூடாது என்பதற்காகத் தன் ஆயுளை அங்கேயே கழித்துவிட்டாள். எதிரே நிற்கிறவன்தான் அந்தப் பையன் என்பது அவளுக்குத் தெரியாது. அவன் குனிந்து அவள் நெற்றியில் முத்தமிடுகிறான். எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த கதை இது. ஒரே ராத்திரி, ஒரே சம்பவம். ஒருவன் முகமூடி போட்டுக்கொண்டான், ஒருத்தி அதே தெருவில் வீடு பார்த்துக்கொண்டாள்.

*

'ஹல்க்' என்ற பச்சை ராட்சசனை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1962-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்தது. முதல் இதழில் அவன் சாம்பல் நிறம். அச்சில் சாம்பல் வர்ணம் சரியாக வராததால் இரண்டாவது இதழில் பச்சையானான்! புரூஸ் பேனர் என்ற சாதுவான விஞ்ஞானி ஒரு வெடிகுண்டுச் சோதனையில் கதிரியக்கத்துக்கு ஆளாகிறார். அப்புறம் கோபம் வந்தால் உடம்பு பெருத்து, சட்டை கிழிந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் நொறுக்கும் பூதமாகிவிடுகிறார்.

இவ்வளவு சாதுவான மனிதருக்குள் இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது? இருபத்து மூன்று வருஷம் யாரும் கேட்கவில்லை. 1985 அக்டோபரில் வந்த 312-வது இதழில் பில் மாண்ட்லோ கேட்டார்.

புரூஸின் தகப்பன் பிரையன் பேனரும் ஒரு விஞ்ஞானி. குடிகாரன். தன் வேலையில் பட்ட கதிரியக்கத்தால் பிறந்த பிள்ளை ராட்சசனாகத்தான் இருக்கும் என்று அவனுக்கு ஒரு பிரமை. அதோடு, மனைவி ரெபெக்கா பிள்ளையைக் கொஞ்சினால் பொறாமை. ஒரு கிறிஸ்துமஸ் விடியற்காலையில் குழந்தை எழுந்து, பரிசாக வந்த விளையாட்டுச் சாமான்களை எடுத்து, வயதுக்கு மீறிய சாமர்த்தியத்துடன் ஒன்றோடொன்று மாட்டிக் கட்டுகிறான். வேறு வீடாக இருந்தால் தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருப்பார்கள். இந்தத் தகப்பனுக்கோ அதுதான் ராட்சசன் என்பதற்கு அத்தாட்சி. அடிக்கிறான். தடுக்க வந்த தாயாருக்கும் அடி. கடைசியில் ரெபெக்கா அவன் கையாலேயே சாகிறாள். கதைக்கு மாண்ட்லோ வைத்த பெயர் 'ராட்சசன்'. யாரைச் சொல்கிறார் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் வெடிகுண்டு அந்தக் கோபத்தை உண்டாக்கவில்லை. முன்பே பூட்டிவைத்திருந்த அறையின் கதவை உடைத்தது, அவ்வளவுதான். தகப்பனின் செருப்புச் சத்தத்தைக் கேட்டே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று கணக்குப் போடக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. அழுதால் இன்னும் இரண்டு விழும் என்று அழுகையை விழுங்கிவிடுவார்கள். பெரியவர்களான பின் 'தங்கமான மனுஷர், கோபமே வராது' என்று பெயர் எடுப்பார்கள்.

கலிபோர்னியாவில் கைஸர் பெர்மனன்ட்டே வைத்திய ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டியும் அரசாங்க நோய்த் தடுப்பு நிலையத்தின் டாக்டர் ராபர்ட் ஆண்டாவும் 1998-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 9,500 பேருக்கு மேல் தங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அடி உதை, தாயார் அடிபடுவதைப் பார்த்தது, வீட்டில் குடிகாரர் இருந்தது என்ற வகையில் நாலு அல்லது அதற்கு மேற்பட்ட துன்பங்களை அனுபவித்தவர்களுக்கு, ஒன்றுமே அனுபவிக்காதவர்களைக் காட்டிலும், குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி முதலியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்று தெரிந்தது. இருதய நோய்க்கும்கூட இதில் சம்பந்தம் இருந்தது. மாண்ட்லோ கதை எழுதியதற்குப் பதின்மூன்று வருஷம் பின்னால் வந்த கணக்கு இது.

1991 ஜனவரியில் பீட்டர் டேவிட் எழுதிய 377-வது இதழில் புரூஸை ஒரு மனநோய் வைத்தியர் வசிய நித்திரையில் ஆழ்த்தி, குழந்தைப் பிராயத்து வீட்டுக்குள் திரும்ப அழைத்துப் போகிறார். பல கூறாகப் பிரிந்து கிடந்த ஆள் ஒன்று சேருகிறான். உதை போட்டுத் தீராததைப் பேசித் தீர்க்கப் பார்க்கிற கதை. ஆனால் சில வருஷத்துக்குள் பழையபடி பிரித்துவிட்டார்கள்! வியாபார நியாயம். காயம் ஆறிவிட்டால் அடுத்த மாதப் புத்தகத்துக்கு எங்கே போவது?

இந்தப் புத்தகங்களோடு எனக்குள்ள சண்டை இங்கேதான். அடிபட்ட குழந்தை ஒன்று சூரனாக வேண்டும், இல்லாவிட்டால் வில்லனாக வேண்டும் என்று இவை சொல்லிக்கொண்டே போகின்றன. ஆபீசுக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய்க் கடலை தின்பதற்கு அவர்களுக்குப் பாத்தியதை இல்லையா? துன்பம் ஒரு வரம் போலவும், அதைப் பெற்றவர்களுக்குத்தான் பறக்கும் சக்தி கிடைக்கும் போலவும் காட்டுவதை என்னால் ஒப்ப முடியவில்லை. 1979-ல் வந்த 'அயர்ன் மேன்' கதையில் டோனி ஸ்டார்க் என்னும் கோடீசுவரச் சூரன் குடியில் மூழ்குகிறான். அவன் இரும்புக் கவசம் அங்கே எதற்கும் உதவவில்லை. பெத்தனி கேப் என்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்து, விடாமல் பேசி, அவனைக் கரையேற்றுகிறாள். இந்த மாதிரிக் கதைகள் எண்ணிக்கையில் குறைச்சல்.

ஆனால் 1984-ல் ஒரு மெல்லிய புத்தகம் வந்தது. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளைத் தடுக்க அமெரிக்காவில் ஏற்பட்ட தேசியக் கமிட்டியுடன் சேர்ந்து மார்வெல் கம்பெனியார் போட்ட இலவச வெளியீடு. டோனி என்று ஒரு சின்னப் பையன். பெற்றோர் வெளியே போகும்போது அவனைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் அவனிடம் தகாத முறையில் நடந்துகொள்கிறாள். பையனுக்கு வெட்கம், யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. ஸ்பைடர்மேன் அவனிடம் தன் கதையைச் சொல்கிறான். அவன் சிறுவனாக இருந்தபோது, சிநேகிதன் போல் பழகிய, வயதில் மூத்த ஒருவன் அவனிடமும் இப்படித்தான் நடந்துகொண்டான். பயந்து நடுங்கி அவன் வீட்டுக்கு வந்தான். பென் பெரியப்பாவிடமும் மே பெரியம்மாவிடமும் சொன்னான். அவர்கள் அவனை நம்பினார்கள்.

டோனியும் பெற்றோரிடம் போய்ச் சொல்கிறான்.