பயிற்சிக்கு ஓரிடம் தேடி...

சென்ற வருடம் ஒரு மாலை, அலுவலகத்தைப் பூட்டப்போகும் நேரத்தில் ஒரு தாயும் மகளும் என்னைத் தேடி வந்தார்கள். தாயைப் பல வருடங்களாக எனக்குத் தெரியும். சம்பூரைச் சேர்ந்தவர். 2006இல் ஷெல் வீச்சுக்கு நடுவே ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறியவர். கணவர் அந்த வருடமே காணாமற்போனார். கிளிவெட்டி முகாமில் பிள்ளையை வளர்த்து, 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே வீடு திரும்பினார்.

மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல் கற்கிறாள். மக்கள் தொடர்புத் துறையில் வேலை செய்ய விருப்பம். படிப்பு முடிய முன்னர் ஒரு நிறுவனத்தில் மூன்று மாதம் உள்ளகப் பயிற்சி பெறவேண்டும். ஏழு இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். இரண்டு இடங்களிலிருந்துதான் பதில் வந்தது. இரண்டுமே கொழும்பு. சம்பளம் இல்லை, தங்குமிடமும் சொந்தச் செலவு.

"இடம் கிடைக்காட்டி பட்டம் பிந்தும் அக்கா" என்றாள் அவள்.

"கொழும்புக்கு விட எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை, காசும் இல்லை. அதென்ன மக்கள் தொடர்பு? வாயடிக்கிற வேலையோ?" என்று தாய் கேட்டார்.

வாயடிக்கிற வேலையா?

நியாயமான கேள்விதான். ஒரு நிறுவனம் தான் செய்வதை மக்களுக்கு விளங்கும்படி சொல்வதும், மக்கள் சொல்வதைக் கேட்டு நிறுவனத்துக்குள் கொண்டு செல்வதுமே மக்கள் தொடர்பு. 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிற்றி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில் கம்பனியின் ஆலோசகரான ஐவி லீ, நடந்ததை மறைக்காமல் அறிக்கையாக எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அதையே முதலாவது பத்திரிகை அறிக்கை எனப் பலரும் குறிப்பிடுவர்.

இதைச் சொல்லிவிட்டுத் தாயின் மடியிலிருந்த பொலித்தீன் பையைப் பார்த்தேன். கணவரைத் தேடி அவர் எழுதிய கடிதங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. கிராம சேவகர், கச்சேரி, செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு என்று போகாத இடமில்லை. எந்த அலுவலகத்தில் யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "மகள் படிக்கிறதும் இதுதான் அம்மா" என்றேன். அவர் சிரித்தார்.

துறைமுகத்தைச் சுற்றி

மறுநாள் ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம். துறைமுக அதிகார சபை, சீனக்குடாப் பக்கம் மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள், நகரில் மாகாண சபைத் திணைக்களங்கள், பட்டணமும் சூழலும் பிரதேச செயலகம், வைத்தியசாலை, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள், கூட்டுறவுச் சங்கங்கள், மாதர் சங்கங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். அதனால் அரச அலுவலகங்களையும் விட்டுவிடவில்லை. கொழும்புதான் வழி என்று நினைத்திருந்த பிள்ளையின் தாள் நிறைந்துவிட்டது.

முதலாவது இடத்தில் கடிதத்தை வாங்கி வைத்தார்கள், பதில் வரவில்லை. இரண்டாவது இடத்தில் முகாமையாளர், "உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்டார். பிள்ளை தலை குனிந்து நின்றாள். எனக்கு என் ஞாபகம் வந்தது. சமூகவியல் படித்த காலத்தில் களப்பயிற்சிக்காக ஓர் அலுவலக விறாந்தையில் மூன்று நாட்கள் இருந்தவள் நான். "சந்தர்ப்பம் தாருங்கள்" என்றுதான் நானும் எழுதியிருந்தேன். என்னால் என்ன முடியும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்றிரவு அவள், வாசித்தாலும் விளங்காத ஓர் அரச உதவித்திட்ட அறிவித்தலை எடுத்து இலகு தமிழில் மாற்றி எழுதினாள். வாசித்துப் பார்த்தவர் தாய்தான். "இந்த வரி விளங்கேல்லை" என்று அவர் சொல்லச் சொல்ல மூன்று முறை திருத்தினாள். அந்த ஒரு பக்கத்தோடு மூன்றாவது இடத்துக்குப் போனோம். கருவாடும் பனையோலைப் பொருட்களும் விற்கும் ஒரு பெண்கள் கூட்டுறவு அமைப்பு அது. தலைவி அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, "திங்கட்கிழமை வாங்கோ" என்றார். பஸ் காசும் மதியச் சாப்பாடும் தருவதாகச் சொன்னார்.

முகம் வேண்டாம்

இரண்டாவது வாரத்தில் ஒரு சிக்கல். விளம்பரத்துக்காக அங்கத்தவர் ஒருவரைப் படம் பிடித்து, "யுத்தத்தில் கணவரை இழந்தவர்" என்று எழுதும்படி பிள்ளையிடம் கூறப்பட்டது. அந்தப் பெண் மறுக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து கமராவைப் பார்க்கவுமில்லை. பிள்ளை கமராவை வைத்துவிட்டு அவரைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டாள்.

"கருவாட்டைப் படம் எடு மகள். என்ர முகம் வேண்டாம். மகளுக்குச் சம்பந்தம் பேசுறம்" என்றாராம்.

தோழியரே, 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனை கமராக்கள் எம் முன்னே வந்தன! உதவி நின்றுவிடுமோ என்ற பயத்தில் எத்தனை பேர் பேசாமல் நின்றோம்! பிள்ளை பயந்து பயந்துதான் தலைவியிடம் இதைச் சொன்னாள். பயிற்சியை நிறுத்திவிடுவார்களோ என்ற கவலை அவளுக்கு. தலைவி சற்று யோசித்தார். அதன்பின், சம்மதமின்றி எவரின் படமும் பெயரும் வெளியே போகக்கூடாது, எழுதியதை உரியவருக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானித்தார்கள். விளம்பரத்தில் கருவாடும், அதை உப்பிட்டுக் காயவைக்கும் கைகளும் வந்தன. ஹோட்டல் ஒன்று அதைப் பார்த்துத்தான் பொருள் கேட்டது.

பிள்ளைகளை அனுப்பும் தாய்மாருக்கு

• தூரத்து இடத்துக்கு எழுதமுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய இடங்களை எழுதிப் பாருங்கள். கடிதத்தை நேரில் கொடுத்து, ஒரு வாரத்தில் மீண்டும் கேளுங்கள்.
• பிள்ளை தானே செய்த ஒரு வேலை கையில் இருக்கட்டும்: ஓர் அறிவித்தல், ஒரு செய்தி, ஒரு படம்.
• எத்தனை நாள், எத்தனை மணி வரை, பயணச்செலவு உண்டா, யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். முடிவில் சான்றிதழ் கேளுங்கள்.
• வேலைத்தலத்தில் பாலியல் தொந்தரவு 1995 முதல் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மூன்று மாதமும் முடிந்து அறிக்கை கொடுத்துவிட்டாள். அந்த நாட்களிலேயே தாயின் பொலித்தீன் பையைப் பிரித்து, கடிதங்களைத் திகதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வந்தது என்று ஓர் அட்டவணையும் எழுதிக் கொடுத்தாள். பதிலே வராதவை பதினொன்று. அவற்றுக்கு மீண்டும் கடிதம் எழுதுகிறார்கள், இருவருமாக.

போன மாதம் தாய் மறுபடியும் வந்தார். பக்கத்தில் வெட்கத்தோடு இன்னொரு பிள்ளை நின்றாள்.

"அயல்வீட்டுப் பிள்ளை. இதுக்கும் ஒரு இடம் பாக்கோணும்" என்றார்.