ஆல்கஹால் குடும்பமும் குடியானவரும்

ஆல்கஹால் என்றதும் நம்மில் பலருக்குக் கள்ளும் சாராயமுமே நினைவுக்கு வரும். இரசாயன சாஸ்திரத்திலோ அது ஒரு தனி வஸ்துவின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயராகும். பெட்ரோலில் கலக்கும் எதனால், சவுக்காரத் தொழிலில் கிடைக்கும் கிளிசரின், கை கழுவும் மருந்துகளில் சேரும் புரொப்பனால், உயிரைப் பறிக்கும் மெதனால் ஆகிய யாவும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றுட் சில நிறத்திலும் மணத்திலும் ஒன்றையொன்று ஒத்திருப்பினும், குணத்தில் மிகவும் வேறுபட்டவை. அவ்வேற்றுமையை அறியாமையால் நம் கிராமங்களில் உயிர்ச்சேதம் நேர்ந்து வருவதால், இக்குடும்பத்தின் இயல்பை விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

அமைப்பும் பெயரும்

ஆல்கஹால் ஒவ்வொன்றிலும் கரி அணுக்கள் சங்கிலிபோலத் தொடர்ந்து நிற்கும். அவற்றில் ஒன்றுடன், ஒரு பிராணவாயு அணுவும் ஒரு ஜலவாயு அணுவும் சேர்ந்த ஜோடியொன்று ஒட்டியிருக்கும். இந்த ஜோடிக்கு ஹைட்ராக்சில் என்று பெயர். குடும்ப குணம் முழுவதும் இதனைச் சார்ந்ததே.

ஆல்கஹால் என்னும் சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. ஆதியில் அது கண்ணுக்கிடும் மைப்பொடியைக் குறித்தது. பின்னர் நுண்ணிய சாரம் என்னும் பொருளில் மதுவின் சத்துக்கு வழங்கலாயிற்று. 1892-ம் வருஷத்தில் ஜினீவா நகரில் கூடிய இரசாயன நிபுணர்கள் கரிப் பொருள்களுக்குப் பெயரிடும் விதிகளை வகுத்தனர். அவ்வழி வந்த முறைப்படி, கரி அணு ஒன்றாயின் மெதனால், இரண்டாயின் எதனால், மூன்றாயின் புரொப்பனால், நான்காயின் பியூட்டனால். பெயரின் தலைப்பகுதி கரி அணுக்களின் தொகையையும், ‘ஆல்’ என்னும் இறுதி ஹைட்ராக்சில் இருப்பதையும் அறிவிக்கும்.

ஜோடி எந்த அணுவில் ஒட்டியுள்ளது என்பதை எண்ணால் குறிப்பர். ஓரத்து அணுவில் இருந்தால் புரொப்பன்-1-ஆல். நடு அணுவில் இருந்தால் புரொப்பன்-2-ஆல். 2020-ம் வருஷத்துக் கொரோனா நோய்க் காலத்தில் கைகளில் தடவிக்கொண்ட மருந்துகள் பலவற்றில் இருந்தது இந்த இரண்டாவதே. ஹைட்ராக்சில் தாங்கிய கரி அணுவுடன் வேறு கரி அணு ஒன்று மட்டுமே சேர்ந்திருந்தால் முதல்நிலை ஆல்கஹால் என்றும், இரண்டு சேர்ந்திருந்தால் இரண்டாம் நிலை என்றும், மூன்றாயின் மூன்றாம் நிலை என்றும் வகுப்பர். வேறு கரி அணுவே இல்லாத மெதனாலையும் முதல்நிலையிலேயே சேர்ப்பது வழக்கம். கிளிசரினில் ஹைட்ராக்சில் ஒன்றன்று, மூன்று உண்டு. ஆதலால்தான் அது பாகுபோல் கெட்டியாயிருக்கிறது.

நீருடன் உறவு

ஹைட்ராக்சில் ஜோடிகள் ஒன்றையொன்று இழுத்துப் பற்றும் தன்மையுடையவை. சமையல் வாயுவில் உள்ள புரொப்பேனும், எதனாலும் மூலக்கூறு எடையில் ஏறக்குறையச் சமம். முன்னதன் எடை 44, பின்னதன் எடை 46. எனினும் புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழ் 42 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எதனாலோ 78 டிகிரி வரையிற் சூடேறினாலன்றிக் கொதிக்காது. மூலக்கூறுகளைப் பிரிப்பதற்கு அவ்வளவு உஷ்ணம் வேண்டியிருக்கிறது.

நீரிலும் இதே ஜோடி இருப்பதால், சிறிய ஆல்கஹால்கள் நீருடன் எந்த அளவிலும் கலக்கும். 50 மில்லி நீரும் 50 மில்லி எதனாலும் கலந்தால் 100 மில்லி தேறாது. சுமார் 97 மில்லிதான் இருக்கும். ஒரு படி மொச்சையையும் ஒரு படி கேழ்வரகையும் கலந்தளந்தால் இரண்டு படி தேறாததை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். கரிச்சங்கிலி நீள நீள எண்ணெய்க் குணம் மிகும். நீரில் கரைவது குறையும். பியூட்டனால் நீரில் ஓரளவே கரைகிறது. எட்டுக் கரி அணுக்கள் உள்ள ஆக்டனால் கரைவதே அரிது.

பதநீர், கள், காடி

எதனால் உண்டாகும் வகையைப் பனைமரத்தடியிலேயே காணலாம். பதநீரில் நூற்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு பங்கு வரை சர்க்கரை உண்டு. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் காரத்தன்மை மிகுவதால் ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் வேலை செய்ய இயலாது. பதநீர் இனிப்பாகவே நிற்கும். சுண்ணாம்பு இல்லாவிடில் சில மணி நேரத்திற்குள் நுரை கட்டிப் புளிக்கத் தொடங்கும். அதுவே கள். தமிழ்நாட்டில் கள் இறக்குவது 1987 முதல் தடுக்கப்பட்டிருப்பதால், பதநீர் இறக்குவோர் சுண்ணாம்பு தடவுவதில் அசிரத்தையாயிருத்தலாகாது.

இம்மாறுதலில் 180 பங்கு குளுகோஸ் சர்க்கரை, 92 பங்கு எதனாலாகவும் 88 பங்கு கரியமிலவாயுவாகவும் பிரிகிறது. நுரையாக எழும்புவது அவ்வாயுவே. கணக்கில் கிடைப்பது இது. நடைமுறையில் ஈஸ்டு தன் வளர்ச்சிக்கும் சிறிது சர்க்கரையைச் செலவிடுவதால் எதனால் சற்றுக் குறையும். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எதனால் எடுப்பதும் இவ்வழியேயாம்.

புளித்த நீரைக் காற்றுப்பட வைத்திருந்தால், வேறொரு வகை நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள பிராணவாயுவை எதனாலுடன் சேர்க்கும். எதனால் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளாகிப் பின்னர் அசிட்டிக் அமிலமாகிறது. இந்த அமிலம் கொண்ட நீரே காடி. முதல்நிலை ஆல்கஹால்கள் இவ்வாறு அமிலமாகும். இரண்டாம் நிலையில் உள்ளவை கீட்டோன் என்னும் பொருளாகி நின்றுவிடும். மூன்றாம் நிலையில் உள்ளவை எளிதில் மாறா.

ஓரணுக் குறைவால் வரும் கேடு

மேற்கூறிய மாறுதலே நம் உடலிலும் ஈரலில் நடைபெறுகிறது. எதனால் அசிட்டிக் அமிலமாகி, முடிவில் நீராகவும் கரியமிலவாயுவாகவும் கழியும். இதனால் எதனால் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. மிகுதியானாலும் வழக்கமானாலும் அதுவும் ஈரலைக் கெடுப்பதே. ஆயினும் அதனினும் ஒரு கரி அணுவே குறைந்த மெதனால், அதே வழியிற் சென்று பார்மால்டிஹைடாகவும் பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் பெற்ற இவ்வமிலம் உடலில் தேங்கி, உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்துவதைத் தடுத்துவிடும். கண் நரம்பு முதலிற் கெடும். பத்து மில்லி அளவே கண்ணொளியைப் போக்கக்கூடும். முப்பது மில்லி உயிரையே போக்கக்கூடும்.

2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் மெதனால் கலந்த சரக்கைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் அன்றாடம் கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர்கள்.

இவ்விஷயத்தில் கிராமங்களில் வழங்கும் தவறான எண்ணங்கள் சில உண்டு. நீல நிறமாய் எரிந்தால் நல்ல சாராயம் என்பர். மெதனாலும் நீலமாகவே எரியும். மணத்தாலும் சுவையாலும் கண்டுபிடிக்கலாம் என்பர், அதுவும் ஆகாது. வாலையில் மறுபடி வடித்தால் விஷம் நீங்கும் என்பர். மெதனால் 65 டிகிரியிலும் எதனால் 78 டிகிரியிலும் கொதிப்பவையாயினும், ஆவி இரண்டும் கலந்தே எழுமாதலால் அவ்வாறு முற்றும் பிரிக்க இயலாது. பரிசோதனைச் சாலையிலன்றி இதை நிச்சயிக்க வழியில்லை.

மெதனாலின் தீங்கு உடனே தெரிவதில்லை. அரை நாளோ ஒரு நாளோ கழித்தும் தோன்றலாம். வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத் திணறல், கண்முன் பனி படர்ந்தாற்போன்ற மங்கல் ஆகியவை அடையாளங்கள். போதை தெளியட்டும் என்று படுக்க வைப்பது பெருந்தவறு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதே சரக்கைக் குடித்த பிறரையும், குறி தோன்றாவிடினும், அழைத்துச் செல்ல வேண்டும். மெதனால் அமிலமாவதைத் தடுக்கும் மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் யந்திரமும் காலத்தில் கிடைத்தால் உயிரும் கண்ணும் பிழைக்க இடமுண்டு.

பயன் தரும் மாறுதல்கள்

எதனாலிலிருந்து நீரின் கூறுகளை நீக்கினால் எதிலீன் வாயு கிடைக்கும். பரிசோதனைச் சாலையில் கடுங்கந்தக அமிலத்துடன் 170 டிகிரிக்குச் சூடேற்றி இதைச் செய்வர். 140 டிகிரியில் நிறுத்தினால் ஈதர் உண்டாகும். எதிலீன், பழங்கள் தாமே பழுக்கும்போது வெளியிடும் வாயுவாகும். வாழை, மா முதலியவற்றைப் பழுக்க வைக்கும் அறைகளில் எதனாலை எதிலீனாக மாற்றும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு வரை இவ்வாயுவைச் செலுத்த உணவுச் சட்டம் இடந்தருகிறது. கார்பைடுக் கல் வைத்துப் பழுக்க வைப்பதோ தடுக்கப்பட்டது.

ஆல்கஹால் அமிலத்துடன் சேர்ந்தால் நீர் நீங்கி எஸ்டர் உண்டாகும். வாழைப்பழத்தின் மணம் பெரும்பாலும் ஓர் எஸ்டரால் ஆயதே. தேங்காயெண்ணெயும் கிளிசரினும் கொழுப்பமிலங்களும் கூடிய எஸ்டர். அதைக் காரத்துடன் காய்ச்சினால் சவுக்காரமும் கிளிசரினும் தனித்தனியே பிரியும்.

எதனால் நன்கு எரிவதால், 2025-ம் வருஷத்தில் இந்தியாவில் நூற்றுக்கு 20 பங்கு எதனால் சேர்ந்த பெட்ரோல் எங்கும் வழக்கத்துக்கு வந்தது. எதனாலுக்கு நீரின்மேல் உள்ள பற்றை இங்கு மறக்கலாகாது. தொட்டியில் நீர் மிகுதியாகச் சேர்ந்தால், எதனால் அந்நீருடன் கூடிப் பெட்ரோலைப் பிரிந்து அடியில் தங்கும்; எஞ்சின் ஓடாது. ஆகவே மருந்து தெளிக்கும் யந்திரத்தை நாட்பட நிறுத்துமுன் எண்ணெயை வடித்துவிட்டு, மூடியை இறுக மூடிவைப்பது நலம்.

ஒட்டுக் கட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் இடையே நூற்றுக்கு 70 பங்கு எதனால் கலந்த நீரால் துடைத்தால் நோய் பரவுவது குறையும். முழுச் சத்தைவிட இக்கலவையே கிருமிகளைக் கொல்வதில் மேலானது. உள்ளே ஊடுருவிச் செல்ல நீரும் வேண்டும். கத்தி உலர்ந்தபின்பே வெட்டுதல் வேண்டும். அருகில் நெருப்பு இருத்தலாகாது.

தொழிலுக்கென வாங்கும் ஸ்பிரிட் எதையும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வையாமல், பெயர் எழுதிய கலத்தில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைப்பார்களாக. மெதனால் என்னும் பெயரை வீட்டிலுள்ளோர் யாவரும் படித்தறியும்படி செய்வார்களாக. எதனாலுக்கும் மெதனாலுக்கும் எழுத்தில் உள்ள வேற்றுமை சிறிதே. அதை அறிந்திருத்தல் ஓர் உயிரைக் காக்கும்.