மெல்லுவதற்கு எளிதான உணவு

1912-ஆம் வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி, தென் துருவப் பனிவெளியில், டக்ளஸ் மாஸன் என்ற ஆராய்ச்சியாளரின் கோஷ்டியைச் சேர்ந்த நின்னிஸ் என்னும் இளைஞர், வலிமை மிக்க நாய்களோடும் கூடாரத்தோடும் பெரும்பகுதி ஆகாரத்தோடும் ஒரு பனிப்பிளவுக்குள் விழுந்து மறைந்துவிட்டார். எஞ்சிய மாஸனும் ஸ்விட்ஸர்லாந்துக்காரரான மெர்ட்ஸும், முகாம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, பத்து நாளைக்குப் போதிய உணவோடு, மீந்திருந்த ஆறு நாய்களையும் ஒவ்வொன்றாகக் கொன்று தின்றபடி திரும்பி நடந்தார்கள். இளைத்துப்போன அந்த ஜீவன்களின் மாம்சம் நார்நாராய்ப் பல்லுக்கு அகப்படாமல் இருந்தது. ஈரல் ஒன்றுதான் மெல்லுவதற்குச் சுலபமாக இருந்தபடியால், அதை ஆறுதலோடு உண்டார்கள்.

சில வாரங்களில் மெர்ட்ஸுக்கு வயிற்று வலியும் தோல் உரிதலும் கண்டு, பின்பு சித்தபிரமையும் வலிப்பும் தொடர்ந்து, ஜனவரி 8-ஆம் தேதி பின்னிரவில் உயிர் பிரிந்தது. தனியே நடந்த மாஸன், ஒரு நாள் காலுறையைக் கழற்றியபோது உள்ளங்காலின் தடித்த தோல் அப்படியே கழன்று வந்ததைக் கண்டு, களிம்பு தடவி, அந்தப் பழைய தோலையே மறுபடி வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தார் என்பதைப் படிக்கையில் நம்முடைய பாதம் கூசுகிறது.

1969-ல்தான் கிளீலண்ட், சௌத்காட் என்ற இருவர், நாயின் ஈரலில் தேங்கியிருந்த 'ஏ' ஜீவசத்தே இதற்குக் காரணம் என்று எழுதினார்கள். பட்டினியும் குளிருமே போதாவா என்று மறுப்பவர்களும் உண்டு. ஆயினும் 1597-லேயே, வட துருவக் கடலில் சிக்கிக்கொண்ட டச்சு மாலுமிகள் வெண்கரடியின் ஈரலைத் தின்று, அவர்களில் மூவருக்குத் தலை முதல் கால் வரை தோல் உரிந்த விருத்தாந்தத்தை நினைக்கும்போது, எனக்கு அவ்விருவரின் கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது.

நீரில் கரையும் 'ஸி' ஜீவசத்து மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும்; கொழுப்பில் கரையும் 'ஏ' ஜீவசத்தோ ஈரலிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டு போகிறது. காரட்டிலும் கீரையிலும் உள்ளது அதன் மூலப்பொருள் மாத்திரமே. சரீரம் தன் தேவைக்கேற்ப அதை மாற்றிக்கொள்வதால், மிகுந்தால் தோல் மஞ்சளிப்பதோடு சரி. பிராணிகளின் ஈரலிலும் மீன் ஈரல் எண்ணெயிலும் 'ஏ' ஜீவசத்தே தயாராக இருக்கிறது. ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 900 மைக்ரோகிராம். நாள்தோறும் 3000-ஐத் தாண்டுவது ஆபத்து. 100 கிராம் வெந்த மாட்டு ஈரலிலோ 7000-க்கும் மேல் உண்டு. என்றோ ஒரு நாள் உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. தினந்தோறும் ஈரலும், அதன்மேல் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் உட்கொள்பவருக்கோ தலைவலி, முடி உதிர்தல், எலும்பு வலி என்று தொடங்கி, முடிவில் அவருடைய ஈரலே கெடுகிறது.

கரு உருவாகும் முதல் மாதங்களில் இந்த மிகுதி சிசுவின் அங்கங்களையே பழுதாக்கக்கூடும் என்பதால், பிரிட்டனில் கர்ப்பிணிகள் ஈரலைத் தொடவே வேண்டாம் என்கிறார்கள். ரத்தம் ஊறட்டும் என்று பிள்ளைத்தாய்ச்சி மகளின் இலையில் நாள் தவறாமல் ஈரல் வறுவலைப் பரிமாறுகிற தாய்க்கு, இதை அவள் மனம் நோகாமல் எடுத்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.