தமிழ் தெரியும், ஆனா படிக்க முடியல: ஏன்?

நம்மள்ல நிறைய பேர் சொல்ற ஒரு விஷயத்தைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம். தமிழ்ல பேசுறோம், சண்டை போடுறோம், மீம் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனா ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்தா ரெண்டு பக்கம் தாண்டல. மூணாவது பாரா வரும்போது முதல் பாரா மறந்துபோகுது. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கும் இதே கதைதான்.

உடனே நாம எடுக்குற முடிவு: "தமிழ் எனக்கு வராது." இது தப்பான முடிவு. பிரச்சனை புரிஞ்சுக்குற திறமையில இல்லை, சரளத்துல இருக்கு.

1974-ல லாபெர்ஜ், சாமுவெல்ஸ்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதை விளக்கினாங்க. படிக்கும்போது மூளைக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, எழுத்தைப் பார்த்து இது என்ன சொல்னு கண்டுபிடிக்கிறது. இன்னொண்ணு, அர்த்தம் புரிஞ்சுக்கிறது. நம்ம கவனத்துக்கு ஒரு அளவு உண்டு. எழுத்துக்கூட்டுறதே மொத்த கவனத்தையும் தின்னுட்டா, யோசிக்க மிச்சம் எதுவும் இருக்காது. பின்னணியில ஓடுற ஒரு ஆப் மொத்த ரேமையும் பிடிச்சுக்கிட்டா போன் ஹேங் ஆகுதே, அந்த மாதிரி.

தமிழ்ல இது இன்னும் நல்லாத் தெரியும். 'வரமுடியாதவர்களுக்காக'ங்கிறது ஒரே சொல். யார், எதுக்கு, வந்தாங்களா இல்லையா, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. வினைச்சொல்லும் பெரும்பாலும் வாக்கியத்தோட கடைசியிலதான் வரும். அதுவரைக்கும் முன்னாடி வந்ததை எல்லாம் நினைவுல வெச்சிருக்கணும். மெதுவா எழுத்துக்கூட்டுறவங்களுக்கு, கடைசிக்கு வர்றதுக்குள்ள ஆரம்பம் நழுவிடும்.

ஒரு சின்ன டெஸ்ட். 'பச்சை'ங்கிற சொல்லை சிவப்பு மையில எழுதுங்க, 'நீலம்'ங்கிறதை மஞ்சள்ல எழுதுங்க. இப்படி இருபது சொல். படிக்காம, மையோட நிறத்தை மட்டும் வேகமா சொல்லணும். சரளமா படிக்கிறவங்க தடுமாறுவாங்க, ஏன்னா அவங்களால படிக்காம இருக்க முடியாது. 1935-ல ஸ்ட்ரூப் இங்கிலீஷ்ல செஞ்ச சோதனை இது. இங்கிலீஷ் சொற்கள்ல நல்லா தடுமாறி, தமிழ்ல ஈஸியா சொல்லிட்டீங்கன்னா, தமிழ் வாசிப்பு உங்களுக்கு இன்னும் தானா நடக்க ஆரம்பிக்கலைன்னு எடுத்துக்கலாம்.

சரி, என்ன பண்ணலாம்? 247 எழுத்தும் நமக்குத் தெரியும். ஆனா தெரியுறது வேற, பழகுறது வேற. சாமுவெல்ஸே 1979-ல ஒரு வழி சொன்னார்: திரும்பத் திரும்ப வாசிப்பு. ஒரு சின்னப் பகுதியை, வேகம் வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி படிக்கணும். அப்புறம் அடுத்த பகுதி. இதுல சுவாரஸ்யம் என்னன்னா, போகப் போக புதுப் பகுதியை முதல் தடவை படிக்கும்போதே வேகம் கூடுது.

நம்ம வெர்ஷன் இது:

• நூறு சொல் அளவுல ஒரு பகுதி. நேத்து பார்த்த மேட்ச் பத்தின செய்தியா இருந்தா நல்லது, விஷயம் ஏற்கனவே தெரியும்.
• சத்தமா, நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் டைமர்.
• முடிச்சதும் மூடி வெச்சுட்டு, என்ன படிச்சோம்னு ரெண்டு வரியில சொல்லுங்க.

கடைசி பாயிண்டை விட்டுடாதீங்க. சரளம் யோசிக்க இடத்தை மட்டும்தான் காலி பண்ணித் தரும். யோசிக்க வேண்டியது நாமதான்.

இன்னொரு விஷயம். இங்கிலீஷ்ல நிமிஷத்துக்கு இத்தனை சொல்னு வர்ற கணக்கைத் தமிழுக்குப் போடாதீங்க. நம்ம ஒரு சொல் அங்க பல சொல்லா இருக்கலாம். நேத்தைய உங்க நேரத்தோட மட்டும் ஒப்பிடுங்க.

வீட்டுக் கிரயப் பத்திரத்தைக்கூட அப்பாகிட்ட நீட்டி, "இதுல என்னப்பா போட்டிருக்கு?"ன்னு கேக்குற தலைமுறை நாம. கையெழுத்துப் போடப்போறது நாமன்னா, படிக்க வேண்டியதும் நாமதானே? தினம் பத்து நிமிஷம் போதும், ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!