அடுப்பை மாற்றுமுன் மின்சுற்றைப் பாருங்கள்

சமையலறையைப் புதுப்பிக்கும்போது எரிவாயு அடுப்பை எடுத்துவிட்டு மின்தூண்டல் (இண்டக்‌ஷன்) அடுப்பு பொருத்த எண்ணுவோர், விலையுடன் இன்னோர் எண்ணையும் கவனிக்கவேண்டும். அடுப்பின் அடிப்பக்கத்திலும் கையேட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும் ‘வாட்’ அளவுதான் அது.

சிங்கப்பூர் வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. வாட் அளவை 230ஆல் வகுத்தால், அந்தச் சாதனம் எத்தனை ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும் என்பது தெரிந்துவிடும்.

எந்த ‘பிளக்’ தாங்கும்?

வீட்டில் வழக்கமாக உள்ள மூன்று சதுர முனை ‘பிளக்’ 13 ஆம்பியர் வரை தாங்கும். அதாவது, ஏறக்குறைய 3,000 வாட். மேசைமீது வைக்கும் 2,000 வாட் அடுப்புக்கு 9 ஆம்பியரே போதும் என்பதால் சிக்கலில்லை.

மேடையில் பதிக்கப்படும் இரட்டை அடுப்பு 3,500 வாட் என்றால் 15 ஆம்பியரைத் தாண்டிவிடும். நான்கு அடுப்புகள் கொண்ட 7,400 வாட் சாதனத்துக்கு 32 ஆம்பியர் தேவை. இவற்றுக்கு மின்பெட்டியிலிருந்து தனி மின்சுற்று இழுக்கவேண்டும்.

3,000 வாட்டுக்குள் அடங்கும் இரட்டை அடுப்புகளும் விற்பனையில் உள்ளன. இவற்றைச் சாதாரண ‘பிளக்’கில் செருகலாம். ஆனால், இரண்டையும் ஒருசேர மூட்டினால் சூடு பங்கிடப்படும். ஒருபக்கம் தோசைக்கல், மறுபக்கம் சாம்பார் என்று சமைப்போர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கம்பிதான் எல்லை

அளவுக்குமேல் மின்சாரம் பாய்ந்தால் மின்பெட்டியில் உள்ள ‘எம்சிபி’ விசை தானாக விழும். சுவருக்குள் செல்லும் கம்பி சூடேறாமல் காப்பதே அதன் வேலை.

விசை அடிக்கடி விழுகிறது என்பதற்காக 20 ஆம்பியர் விசையைக் கழற்றி 32 ஆம்பியர் விசையைப் பொருத்துவது ஆபத்தானது. கம்பி பழைய கம்பிதான். அது சூடேறி, மேலுறை உருகும், விசையோ விழாது. தீப்பிடிக்கும்வரை வெளியே எதுவும் தெரியாமலும் போகலாம்.

‘ஆர்சிசிபி’ இருக்கிறதே என்று நிம்மதியடையவும் முடியாது. 2025 ஜூலை 1க்குள் எல்லா வீடுகளிலும் பொருத்தப்படவேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் கட்டாயமாக்கிய இந்தக் கருவி, மின்கசிவால் ஏற்படும் அதிர்ச்சியிலிருந்து மனிதர்களைக் காக்கும். அளவுக்குமீறிய பளுவை அது தடுக்காது.

மொத்த வீட்டுக்கும் வரம்பு

பழைய வீவக வீடுகள் பலவற்றில் முதன்மை விசையின் அளவு 30 ஆம்பியர், அதாவது 6,900 வாட். புதிய வீடுகளில் அது 40 ஆம்பியர், அதாவது 9,200 வாட்.

3,500 வாட் அடுப்பும் குளியலறையில் 3,300 வாட் வெந்நீர்ச் சாதனமும் ஒரே நேரத்தில் ஓடினால் 6,800 வாட் ஆகிவிடும். அந்த நேரத்தில் மின்கெண்டியையோ குளிரூட்டியையோ போட்டால் பழைய வீட்டின் வரம்பு மீறப்படும். வரம்பை உயர்த்த முடியுமா என்பது புளோக்கின் பொது மின்கம்பிகளையும் பொறுத்தது.

பணம் கட்டுமுன்

மின்பெட்டியைத் திறந்து முதன்மை விசையில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளலாம். அதையும் அடுப்பின் வாட் அளவையும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டி, தனி மின்சுற்று தேவையா, கம்பியின் தடிமன் போதுமா என்று கேட்கவேண்டும். நகர எரிவாயுக் குழாயை மூடுவது உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரின் வேலை.

சுவரில் ஓடு பதித்து, அலமாரி பொருத்துவதற்கு முன்பே இவற்றை முடிவுசெய்வது நல்லது. பிறகு கம்பி இழுக்கவேண்டுமென்றால், ஓட்டை உடைக்கவேண்டும் அல்லது சுவருக்கு வெளியே குழாய் ஓட்டவேண்டும், செலவும் கூடும்.